ஹார்ன் கடை மாடியில் ஓர் அமைதியான அறை

லாரிக்காரர்கள் ஹார்ன் வாங்குவது வெண்டைக்காய் வாங்குவது மாதிரி. ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்ப்பார்கள், முகம் சுளிப்பார்கள், அடுத்ததை அமுக்குவார்கள். கடையில் உள்ள அத்தனையையும் ஒரு சுற்று அமுக்கி முடித்துவிட்டு, "அந்த மொதல்ல பாத்தோமே, அதைப் போடுங்க" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். அப்படிப்பட்ட கடையின் நேர்மாடியில்தான் சவுண்டு குடியிருந்தான். வாடகை குறைவு. ஏன் குறைவு என்பதைக் காலையில் கடை திறந்ததும் யாரும் விளக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பதால் ஊருக்கெல்லாம் அவன் சவுண்டு. பிறர் பேசிய பேச்சைச் சுத்தம் செய்வது அவன் தொழில். மூச்சு வாங்குவது, எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது எல்லாவற்றையும் தேடிப்பிடித்து வெட்டி எறிவான். விளம்பரம் வாசிக்கிறவர்கள் மூச்சே விடாமல் உயிர்வாழ்கிறார்கள் என்று நீங்கள் எப்போதாவது வியந்திருந்தால், அது அவன் கைவரிசை.

அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். எடை குறைவாகப் பிறந்தாள். உள்ளங்கையையும் முன்கையையும் சேர்த்து நீட்டினால் அதற்குள் அடங்கிவிடுகிற ஆள், ஆனால் வீடே அவளுக்குமுன் கைகட்டி நின்றதால் மகாராணி என்று பெயராகிவிட்டது. "நல்லா தூங்கட்டும். தூங்கினா எடை தானா ஏறும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மகாராணியை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த அதே நிமிடம், கீழே ஒரு லாரிக்காரர் ஹார்ன் தேர்ந்தெடுக்க வந்தார்.

'பாஆஆம்' என்றது. மகாராணியின் இரண்டு கைகளும் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி விரிந்தன. உடம்பு தூக்கிவாரிப் போட்டது. முகம் சிவந்தது. அவன் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் வாடகை, வீடு, அதைப் பார்த்துப் பிடித்தவன் எல்லோருக்கும் பங்கு இருந்தது.

"ஒரு வாரம் குடு" என்றான் சவுண்டு. "இந்த வீட்டுக்குள்ளயே அவளுக்கு ஒரு ரூம் பண்றேன். கீழ யானையே கத்தினாலும் கேக்காது."

சொன்னதைச் செய்கிற ஆள்தான். அதில்தான் வினையே.

சாமான் போடும் சின்ன அறையைக் காலி செய்தான். சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பினான். நடுவில் பஞ்சு அடைத்து, தூசு வெளியே வராதபடி பலகை போட்டு மூடி, அதன்மேல் வெளிர்நிறத் துணியை இழுத்துக் கட்டினான். கதவின் விளிம்பெல்லாம் ரப்பர். காற்று வர ஒரு குழாய். அதைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து விட்டிருந்தான், காற்று வளைந்து வரும், சத்தம் வழியிலேயே களைத்துப்போகும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இதையெல்லாம் சம்பளத்துக்குச் செய்தவன், இங்கே லீவு போட்டுச் செய்தான்.

எடை பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸம்மா இடுப்பில் கைவைத்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "கட்டில் மெத்தை கெட்டியா தட்டையா இருக்கணும். தலகாணி, பொம்மை, போர்வை, எதுவும் உள்ள வேணாம். மல்லாக்கப் படுக்க வைங்க. பால் மட்டும் மணி பாத்துக் குடுத்துடுங்க. அப்பறம் எங்க தூங்கினாலும் பெரியவங்க கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற மாதிரி இருக்கட்டும். கைக்கு எட்டினா இன்னும் நல்லது."

சவுண்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றினான். உறவுக்காரர்கள் வாங்கி வந்த கரடி, முயல், பெயர் தெரியாத நீலநிறப் பிராணி எல்லாம் அலமாரி உச்சிக்குப் போயின. அலமாரி சாயாமல் இருக்க அதைச் சுவரோடு திருகினான். ஜன்னல் திரையின் கயிற்றை வெட்டினான். கட்டில் கம்பிகளுக்கு இடையில் தன் கை நுழைகிறதா என்று பார்த்து, நுழைந்ததும் கட்டிலையே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வந்தான். 'காதுக்கும் எட்டணும்' என்ற இடத்தில் மட்டும் அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. காதைப் பற்றி அவனிடமே சொல்கிறார்களே!

"என் பக்கத்துலயே படுத்துக்கட்டுமே" என்றாள் மனைவி. அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். தையல் மிஷின் ஹாலில் இருந்தது. "நான் தைக்கிற எடத்துல ஓரமா போட்டுக்கறேன். சிணுங்கினா எனக்குத் தெரியும்."

"மிஷின் சத்தம், ஹார்ன் சத்தம், நடுவுல புள்ள. நல்லா தூங்கிடும்! ராத்திரி கடை மூடினப்பறம் உன் பக்கத்துல போட்டுக்கோ. பகல்ல உள்ள. மைக் வைக்கறேன், ஹால்ல ஸ்பீக்கர் வைக்கறேன். மிஷின் பக்கத்துலயே. அவ கொட்டாவி விட்டாக்கூட உனக்குக் கேக்கும்."

"கேக்கணும்" என்றாள் அவள். "எனக்கு அது போதும்."

ஒயர் குழந்தைக்கு எட்டக்கூடாது என்பதால் மைக்கைக் கூரையில் தொங்கவிட்டான். ஸ்பீக்கரை இயக்கினான். வந்தது ஒரு 'ஸ்ஸ்ஸ்'. காற்றுக்குழாயின் மூச்சு. வேறு யாராயிருந்தாலும் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். சவுண்டுக்கு அது சாப்பாட்டில் மண் கடிபட்ட மாதிரி. வாழ்நாளெல்லாம் ஊரார் இரைச்சலைத் துடைத்தவன் வீட்டில், அதுவும் மகள் அறையிலிருந்து, 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் நாள் முழுக்க ஒழுகிக்கொண்டிருப்பதா? கூடத்திலிருந்து ஒரு பழைய கருவியை எடுத்து வந்து நடுவில் மாட்டினான். அது ஒரு காவல்காரன். சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் கதவைத் திறந்து விடும். அளவுக்குக் கீழே உள்ளதெல்லாம் வெறும் இரைச்சல் என்று முடிவு செய்து வெளியே நிறுத்திவிடும். எந்த அளவு என்பதை ஒரு திருகைத் திருகி நாம் சொல்ல வேண்டும்.

அளவு பார்க்க ஒரு குழந்தை அழ வேண்டும். மகாராணி தூங்கிக்கொண்டிருந்தாள், அவளை எழுப்பி அழ வைக்க மனசு வரவில்லை. ஆகவே அவளுடைய தகப்பனே அழுவது என்று முடிவாயிற்று. ஸ்பீக்கர் அருகில் உட்கார்ந்து கேட்க மனைவியின் தம்பி வந்தான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன், எதற்கும் பதற்றப்படாத பிறவி. கட்டில் தன் எடையைத் தாங்காது என்பதால் சவுண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, காதில் போனை வைத்து, கூரையைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"ங்ங்கேஏஏஏ..."

"கேக்குது மாமா" என்றான் மச்சான் போனில். "ஆனா பச்சப்புள்ள மாதிரி இல்ல. பரீட்சையில ஃபெயிலானவன் அழற மாதிரி இருக்கு."

"சத்தம் வருதா இல்லையா, அதச் சொல்லு."

"வருது, வருது. பின்னாடி அந்த 'ஸ்ஸ்'ஸும் வருது."

"இரு, அளவ ஏத்தறேன்... இப்போ? ங்ங்கேஏஏ!"

"இப்ப நீங்க மட்டும் வர்றீங்க. சுத்தமா, கண்ணாடி மாதிரி. கொஞ்சம் மெதுவா அழுங்க பாப்போம்."

சவுண்டு மூக்கை உறிஞ்சி, லேசாக விசும்பிக் காட்டினான்.

"ஒண்ணும் வரல மாமா."

"விசும்பறதெல்லாம் பெரியவங்க பண்ற வேலைடா. பச்சப்புள்ள எது மெதுவா அழுது? அதுக்கு அழணும்னா ஒரேயடியா அழும்."

"அதுவும் சரிதான்" என்றான் மச்சான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சவுண்டுக்கும் குழந்தை வளர்த்த அனுபவம் மூன்று வாரம்தான். இரண்டு பேரும் ஒருமனதாக முடிவெடுத்து திருகை அங்கேயே நிறுத்தினார்கள்.

அப்போது ஹார்ன் கடை முதலாளி படியேறி வந்து கதவைத் தட்டினார். "ஏம்ப்பா, கன்னுக்குட்டி ஏதாவது வாங்கியிருக்கீங்களா? மாடியில மாடு வளர்க்கக் கூடாதுன்னு அப்பவே சொல்லியிருக்கேன்." அறைக்குள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் வந்ததைத்தான் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் சவுண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரையே உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக் காட்டினான். முதலாளி காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். "கெணத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கேப்பா. நம்ம கடை சத்தம் கேக்காம எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

மகாராணி அறைக்குள் குடியேறினாள். ஹார்ன்கள் அலறின, அவள் அசையவில்லை. சவுண்டு ஒரே ஒரு சட்டம் போட்டான்: பால் கொடுக்கும் நேரம் தவிரக் கதவைத் திறக்கக் கூடாது. "எட்டிப் பாக்கறேன்னு தெறந்தா ஹார்ன் உள்ள போயிடும். ஸ்பீக்கர நம்பு." மனைவி நம்பினாள். மிஷின் பக்கத்தில் ஸ்பீக்கரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். எப்போதாவது ஒருமுறை அதிலிருந்து திடீரென்று ஓர் அலறல் வெடிக்கும். சீருடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள்.

"இவ அழறதே கம்மி" என்று பார்க்க வந்தவர்களிடம் சவுண்டு சொன்னான். "ஆனா அழுதா, அடேயப்பா! மகாராணி பாருங்க. அரசாங்க உத்தரவு மாதிரிதான் வரும். நடுவுல பேச்சே கெடையாது."

எடையும் ஏறியது. நர்ஸம்மா தராசைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று சவுண்டு கூடத்துக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனான்.

ஒருநாள் மனைவி கேட்டாள். "என்னங்க, ராத்திரி எம் பக்கத்துல படுக்கறப்ப முழிச்சா முதல்ல 'ங்'னு ஒரு சத்தம் குடுப்பா. அப்பறம் ஒரு சிணுங்கல். அப்பறம்தான் அழுகை. பகல்ல அந்த 'ங்' வர்றதே இல்லியே?"

"பகல்ல ஆழ்ந்து தூங்கறா. ரூம் அப்படி."

இன்னும் சில நாள் கழித்து அவளே சொன்னாள். "இப்பெல்லாம் ராத்திரியும் அந்த 'ங்' இல்ல. முழிச்ச உடனே வீரிட்டு அழறா."

சவுண்டு என்ன சொன்னான் தெரியுமா? "பாத்தியா? ரூமோட குணம் ராத்திரிக்கும் வந்துருச்சு. சிணுங்கற பழக்கமே போயிருச்சு" என்றான். சந்தோஷமாகச் சொன்னான். பிற்பாடு இந்த ஒரு வாக்கியத்தைத் தன் பேச்சிலிருந்து வெட்டி எறிய முடிந்திருந்தால் கை விரலைக்கூடக் கொடுத்திருப்பான். ஊரார் பேச்சையெல்லாம் வெட்டத் தெரிந்தவனுக்கு அதற்கு மட்டும் வழியில்லை.

விஷயம் வெளிப்பட்டது ஒரு விடுமுறை நாளில். மகாராணிக்கு முந்தின நாளிலிருந்தே குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளி பிடிக்கிறதோ என்று பேசிக்கொண்டார்கள். காலைப்பால் குடித்துவிட்டு அவள் அறைக்குள் தூங்கினாள். சவுண்டு ஹாலில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கூடத்து நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கும் குழந்தை பிறக்கப்போகிறது. "நான் வந்து ரூம் பண்ணித் தர்றேன்டா. எங்க வீட்டுல இப்ப புள்ள இருக்கற எடமே தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மனைவி மிஷினை நிறுத்தினாள். பால் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனால் மார்பு கனத்து ரவிக்கை நனைந்திருந்தது.

"இப்பவே குடுத்துடறேன்" என்று எழுந்தாள்.

"தூங்கறவள எழுப்பாதே" என்றான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு. "பாரு, சத்தமே இல்ல."

அவள் ஏற்கனவே கதவைத் திறந்துவிட்டாள்.

திறந்தவள் உடனே உள்ளே போகவில்லை. வாசலிலேயே சற்று நின்றாள். திறந்த கதவின் வழியே சவுண்டுக்கு ஒரு சத்தம் கேட்டது. கிழிந்த துணியை இன்னும் கிழிப்பது மாதிரி, காற்றே அதிகமாய், குரல் கொஞ்சமாய் உள்ள ஒரு சத்தம். முதலில் அது என்னவென்று அவனுக்கே புரியவில்லை. காலையிலிருந்து மாலைவரை குரல்களையே கேட்கிறவன், தன் மகளின் குரலை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. அவனுக்கு ஒரு முழம் தூரத்தில் ஸ்பீக்கர் பச்சை விளக்கோடு மௌனமாக உட்கார்ந்திருந்தது.

மனைவி குழந்தையோடு வெளியே வந்தாள். மகாராணியின் முகமெல்லாம் ஈரம். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. படுத்திருந்த துணியில் தலை புரண்ட இடம் வட்டமாக நனைந்திருந்தது.

"எவ்ளோ நேரமா அழறா?"

"அழவே இல்லியே. நான் இங்கதானே..."

"எவ்ளோ நேரமா அழறான்னு கேட்டேன்."

அவன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான். காவல்காரக் கருவி வெளியே நிறுத்தியவர்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நண்பன் போனில் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நான் கதவத் தெறந்தது அவளுக்குத் தெரியாது, அவ்ளோ தூரம் இன்னும் அவ கண்ணுக்கு எட்டாது" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவே இல்லை. "பாத்துட்டு நின்னேன். கொஞ்சம் அழறா. நிறுத்திட்டு கதவுப் பக்கம் தலையத் திருப்பறா. யாரும் வரலன்னதும் மறுபடி அழறா. காலிங்பெல் அடிச்சுட்டு வாசல்ல நிக்கறவங்க மாதிரி. எவ்ளோ மரியாதையா கூப்பிட்டிருக்கா பாருங்க உங்க மகாராணி."

சவுண்டு போய்க் கருவியின் முன்னால் உட்கார்ந்தான். திருகைப் பார்த்தான். எல்லாம் அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. எந்தப் பழுதும் இல்லை. அவன் நின்றுகொண்டு கூரை மைக்குக்கு நேராக வாயைத் திறந்து அழுதவன். அவள் கீழே படுத்துக்கொண்டு அழுகிறவள். நடுவில் நான்கு சுவரிலும் சத்தம் குடிக்கும் பஞ்சு. 'ங்' என்று கூப்பிட்டிருக்கிறாள். அது இரைச்சல் கணக்கில் போனது. சிணுங்கியிருக்கிறாள். அதுவும் போனது. அழுதிருக்கிறாள். அடிவயிற்றிலிருந்து அலறினால் மட்டும் அம்மா வருகிறாள் என்று எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள். தினமும் அலறி அலறித் தொண்டை கட்டிய அன்று, அந்த அலறலும் அளவுக்குக் கீழே போய்விட்டது.

இதையெல்லாம் மனைவியிடம் விளக்க ஆரம்பித்தான். அவள் பால் கொடுத்தபடி பாதிவரை கேட்டாள். "ஏன் அவ்ளோ ஏத்தி வெச்சீங்க?"

"ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் வந்துச்சு."

"அது எனக்குத் தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"இல்ல."

"புள்ளைக்கு?"

"இல்ல" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்றே கதவைக் கழற்றினான். மச்சான் வந்து திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுத்தான். "நானும்தான் மாமா கேட்டுட்டு ஓகேன்னேன்" என்றான் ஆறுதலாக. "நீ ஒழுங்காத்தான்டா சொன்னே. ஒண்ணும் வரலன்னு சொன்னே" என்றான் சவுண்டு. மச்சான் ஒரு திருகாணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

கட்டில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்தது. நர்ஸம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, கட்டியது ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார், சரியாகியும் விட்டது. ஹார்ன் சத்தத்தில் மகாராணிக்கு முதல் நாள் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நாள் கண்ணைத் திறந்து மூடினாள். அந்த வாரம் முடிவதற்குள், ஹார்ன் கடைக்கே வாரிசாகப் பிறந்தவள் மாதிரி, 'பாஆம்' என்ற சத்தத்துக்கு நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எடையும் தன்பாட்டில் ஏறியது. அறை தேவையே பட்டிருக்கவில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலாளி மட்டும் ஒருநாள் படியில் நிறுத்தி, "என்னப்பா, கெணத்த மூடிட்டீங்களா? நல்லது" என்றார்.

'ங்' மட்டும் திரும்பி வரவில்லை.

விழித்த மாத்திரத்தில், பசியோ ஈரமோ எதுவானாலும், உச்சத்திலிருந்துதான் ஆரம்பித்தாள். "பழகிப்போச்சு" என்றார் நர்ஸம்மா. "திரும்பப் பழகணும். சின்னதா கூப்பிடறப்ப ஒவ்வொரு தடவையும் யாராவது போய் நில்லுங்க."

"சின்னதா கூப்பிட்டாத்தானே மேடம்?" என்றாள் மனைவி. நர்ஸம்மா பையை மூடினார். "வரும். கொஞ்ச நாளாகும்" என்றார். எத்தனை நாள் என்று சவுண்டு கேட்கவில்லை.

கூடத்தில் ஒரு பெண் சோப்பு விளம்பரம் வாசித்துவிட்டுப் போனாள். வாக்கியத்துக்கு முன்னால் அவள் மூச்சை இழுப்பது பதிவாகியிருந்தது. வழக்கமாக அவன் கை தானாகப் போய் வெட்டும். அன்று அந்த மூச்சைப் பலமுறை போட்டுக் கேட்டான். பிறகு அப்படியே விட்டு அனுப்பினான். சோப்பு கம்பெனிக்காரர் போன் செய்து, "என்ன சார், அந்தம்மாவுக்கு ஆஸ்துமாவா?" என்று கேட்டார். திருத்தி அனுப்பினான். வேலை வேலைதானே.

ஒரு மத்தியானம் மனைவி கடைவரை போயிருந்தாள். சவுண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மகாராணி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தால் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். அவள் காலை மடக்கினாள். உதட்டைச் சப்புக்கொட்டினாள். விழிக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் அவன் எழுந்து கம்பிக்கு நெருங்கி, அவள் கண் திறந்தால் முதலில் தன் முகம்தான் தெரிய வேண்டும் என்று குனிந்து நின்றான்.

கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"இருக்கேன்டா கண்ணு" என்றான். "இங்கதான் இருக்கேன். மெதுவா சொன்னா போதும்."

கையை அவள் நெஞ்சின்மேல் வைத்தான். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு மூச்சை இழுத்து இழுத்து நிரம்புவது தெரிந்தது. ஒரு சாண் தூரத்தில் இருந்த தகப்பனைப் பார்த்தபடியே, நான்கு சுவர்களையும் ஒரு கதவையும் தாண்டிக் கேட்க வேண்டிய சத்தத்தில், மகாராணி வீரிட்டாள்.